ஓர் துரையின் துப்பாக்கி: பெங்களூர்க் குடும்பம் ஒன்றின் இரட்டைக் குழல் பற்றிய நிகழ்வு ஆய்வு

பின்னணி

இந்தக் குடும்பத்தை எனக்கு நாற்பது ஆண்டுகளாகத் தெரியும். குடும்பத் தலைவரும் நானும் பெங்களூரில் ஒரே தொழிற்சாலையின் டூல் ரூமில் வேலை பார்த்தோம். அவர் 2021 ஆகஸ்டில் காலமானார். அல்சூரில் இருந்த பழைய வீட்டில் அவர் மனைவி மட்டும் இருந்தார். தமிழாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். ஒரே மகள் வங்கியில் வேலை பார்க்கிறார், வேறு பேட்டையில் குடியிருக்கிறார். வீட்டை இடித்து அடுக்குமாடி கட்டப் பேச்சு நடந்தது. அதற்காகப் பரணைக் காலி செய்தபோதுதான் இந்தக் கதை தொடங்கியது. சம்பந்தப்பட்டவர்களின் பெயரை அவர்கள் சம்மதத்தோடு விட்டுவிட்டேன்.

குடும்பத்தின் பூர்வீகம் கோலார் தங்கவயல். 1880 முதல் ஜான் டெய்லர் கம்பெனி நடத்திய சுரங்கங்களுக்கு, இவர்களுடைய கொள்ளுத்தாத்தா விறகும் மரமும் சப்ளை செய்த கண்டிராக்டர். சுரங்கத்தில் இன்ஜினியராக இருந்த ஓர் துரை, அவர் வேலையை மெச்சி ஊருக்குக் கிளம்பும்போது தன் துப்பாக்கியைக் கொடுத்துவிட்டுப் போனார் என்பது நான்கு தலைமுறையாக வீட்டில் சொல்லி வந்த கதை. அம்மாவுக்கு, அதாவது நண்பரின் மனைவிக்கு, இதில் ஒரு சந்தேகம் எப்போதும் உண்டு. 'ஒரு துரை'தானே இலக்கணம், 'ஓர் துரை' எப்படி வரும், அப்படியானால் 'ஓர்' என்பது அவர் பெயராகத்தான் இருக்க வேண்டும் என்பார். அந்தச் சந்தேகம் பின்னால் வேறு விதமாகத் தீர்ந்தது.

பரணில் கிடைத்தது: 2023 மார்ச் கடைசி

மகள் எனக்கு போன் செய்து, "அங்கிள், அப்பாவோட துப்பாக்கி இருக்கு. என்ன செய்றதுன்னு தெரியல, வந்து பாருங்க" என்றார். போனேன். தகர டிரங்குப் பெட்டிக்குள் பழைய வேட்டியில் சுற்றியிருந்தது. கூடவே ஒரு லைசென்ஸ் புத்தகம், ரப்பர் பேண்டு போட்ட ரசீதுக் கட்டு, ஏழு தோட்டாக்கள். தோட்டாக்களில் இரண்டு ஈரம் குடித்து உப்பிப் போன காகிதத் தோட்டாக்கள்.

குழலை மடக்கித் திறந்து, தோட்டா உட்காரும் இரண்டு அறையும் காலி என்று பார்த்துக்கொண்டேன். அது சரியாகச் செய்த வேலை. அதற்கு அடுத்ததாகச் செய்தது தவறு. ஸ்பிரிங் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க, வெளியே நீட்டிக்கொண்டிருந்த குதிரைகளை, அதாவது தோட்டாவை வெடிக்க வைக்கும் ஊசியைத் தட்டும் சுத்தியல்களை, இழுத்து இரண்டு முறை விசையை அழுத்தினேன். வெறும் அறையில் குதிரை விழுந்தால் ஊசிக்குத் தாங்க எதுவும் இல்லை. ஏழு மாதம் கழித்து இடது ஊசியின் முனை சிதைந்திருப்பது தெரிந்தது. அது பழைய காயமாக இருக்கலாம், நான் செய்ததாகவும் இருக்கலாம்.

அன்று கண்ணால் பார்த்துக் குறித்தவை இவை. பக்கம் பக்கமாக இரண்டு குழல்கள், நீளம் 30 அங்குலம், 12 போர் என்னும் தோட்டா அளவு. லைசென்ஸ் மொழியில் இதற்கு டி.பி.பி.எல்., அதாவது பின்பக்கம் தோட்டா போடும் இரட்டைக் குழல். வெளிக் குதிரை உள்ள மாடல். வால்நட் கட்டையின் கழுத்தில் விரிசல். அதன்மேல் ஏதோ ஒரு காலத்தில் யாரோ செப்புக் கம்பியை நெருக்கமாகச் சுற்றி முடிச்சுப் போட்டிருக்கிறார்கள். குழல்களின் மேல் துரு பரவலாக இருந்தது. ஆனால் இரண்டு இடத்தில் மட்டும் நாலணாக் காசு அளவு வட்டமாக, குழி விழுந்த துரு. வலது குழலில் ஒன்று, இடதில் ஒன்று, பின்முனையிலிருந்து ஒரு சாண் தூரத்தில் நேருக்கு நேர். இது என்ன விநோதம் என்று யோசித்துக்கொண்டிருந்தபோது அம்மா சொன்னார்: "அது ஆயுத பூஜைக்குப் பொட்டு வைக்கிற இடம்ப்பா."

வருடா வருடம் தேங்காயெண்ணெய் போட்டுத் துடைத்து, ஈரச் சந்தனத்தைக் குழைத்து வைத்து, நடுவில் குங்குமம் இட்டு, அப்படியே வேட்டியில் சுற்றி மேலே ஏற்றியிருக்கிறார்கள். சந்தனத்தின் ஈரம் அந்த இரண்டு வட்டத்தில் மட்டும் இரும்பைத் தின்றிருக்கிறது.

முதல் முடிவு

அந்த நேரம் எல்லா வகையிலும் மோசமான நேரம். கர்நாடக சட்டமன்றத் தேர்தல் அறிவித்து இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. தேர்தல் நேரத்தில் லைசென்ஸ் உள்ளவர்களே துப்பாக்கியை ஸ்டேஷனிலோ டீலரிடமோ ஒப்படைக்க வேண்டியிருக்கும். இங்கேயோ லைசென்ஸ்தாரர் இறந்து ஒன்றரை ஆண்டுக்கு மேல் ஆகியிருந்தது. லைசென்ஸ் அவர் பெயருக்குக் கொடுத்தது. வீட்டோடு சேர்ந்து வாரிசுக்கு வந்துவிடாது. 1959 ஆயுதச் சட்டத்தின் 21ஆம் பிரிவு, வைத்திருக்கும் உரிமை போன ஆயுதத்தைத் தாமதமில்லாமல் பக்கத்து ஸ்டேஷனிலோ உரிமம் பெற்ற டீலரிடமோ ஒப்படைக்கச் சொல்கிறது. 2019 திருத்தத்துக்குப் பிறகு, லைசென்ஸ் இல்லாமல் துப்பாக்கி வைத்திருந்தால் குறைந்தது இரண்டு ஆண்டு, அதிகபட்சம் ஐந்து ஆண்டு சிறை. இந்த விஷயம் தெரிந்ததும் மகளின் முகம் மாறிவிட்டது. "இப்போ எடுத்துட்டுப் போனா என்னையே உள்ள வச்சிருவாங்களா அங்கிள்?"

அம்மாவின் தம்பி, அதாவது மகளுக்கு மாமா, தங்கவயலிலிருந்து வந்திருந்தார். அவரிடம் மூன்று யோசனைகள் இருந்தன. முதலாவது, நூறு வருஷப் பழசு, புராதனப் பொருளுக்கு லைசென்ஸ் வேண்டாம். இரண்டாவது, குடகில் யாரும் லைசென்ஸே எடுப்பதில்லை, அங்கே தெரிந்தவர் தோட்டத்தில் வைத்துவிடலாம். மூன்றாவது, பேசாமல் மறுபடி பரணில் போட்டுவிடலாம்.

மூன்றையும் ஒரு வக்கீலிடம் கேட்டோம். சட்டத்தின் 45ஆம் பிரிவில் பழங்கால ஆயுதங்களுக்கு விலக்கு இருப்பது உண்மை. ஆனால் அது, ரிப்பேர் செய்தாலும் செய்யாவிட்டாலும் துப்பாக்கியாகப் பயன்படுத்தவே முடியாத பொருளுக்கு. இது மடங்குகிறது, குதிரை விழுகிறது, கடையில் விற்கும் 12 போர் தோட்டா உள்ளே போகிறது. வயது மட்டும் ஒரு துப்பாக்கியைக் காட்சிப் பொருளாக்கிவிடாது. குடகு விஷயம், கொடவ இனத்தாருக்கும், ஜம்மா எனப்படும் பரம்பரை நில உரிமை உள்ளவர்களுக்கும் உள்ள தனிச் சலுகை; ஊரைப் பொறுத்தது அல்ல, ஆளைப் பொறுத்தது. மூன்றாவது யோசனைக்கு அவர் பதிலே சொல்லவில்லை.

சரி, ஒப்படைப்பது என்று முடிவானது. எப்படி என்பதில்தான் வக்கீலின் உதவி பெரிது. லைசென்ஸ் இல்லாதவர் அதைக் கையில் எடுத்துக்கொண்டு தெருவில் போவதே தனிச் சிக்கல். அதனால் துப்பாக்கியை வீட்டிலேயே பூட்டி வைத்துவிட்டு, மகள் இறப்புச் சான்றிதழ், லைசென்ஸ் நகல், நடந்ததை உள்ளபடி எழுதிய கடிதம் மூன்றோடும் ஸ்டேஷனுக்குப் போனார். அன்று மாலையே ஒரு எஸ்.ஐ.யும் கான்ஸ்டபிளும் வீட்டுக்கு வந்து, துப்பாக்கியையும் ஏழு தோட்டாக்களையும் எழுதி வாங்கிக்கொண்டு ரசீது கொடுத்தார்கள். வழக்கு எதுவும் போடவில்லை. இந்தக் கடிதத்தை ஒரு வாரம் தள்ளிப் போட்டிருந்தால், தேர்தல் சோதனை நேரத்தில் பேச்சு வேறு மாதிரி இருந்திருக்கும் என்பது என் கணிப்பு.

தேர்தல் முடிந்ததும் ஜூனில், மகளின் விண்ணப்பத்தின் பேரில் துப்பாக்கியை ஸ்டேஷனிலிருந்து ஒரு டீலரின் காவலுக்கு மாற்றினார்கள். விற்பனைக்கும் ரிப்பேருக்கும் இரண்டுக்கும் உரிமம் உள்ள இடமாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்தோம். துப்பாக்கி ரிப்பேருக்கும் தனி உரிமம் வேண்டும். பக்கத்து லேத் பட்டறையில் கொடுத்துச் செய்துகொள்ள முடியாது.

குழலைத் திருப்பிப் பார்த்தபோது

அதற்கு முன் போன வேறொரு கடையில், "கொடுங்க, கெமிக்கல்ல முக்கி எடுத்தா கருநீலமா புதுசு மாதிரி ஆயிடும்" என்றார்கள். மாமாவுக்கு அது ரொம்பப் பிடித்துப்போனது. நாங்கள் தேர்ந்தெடுத்த இடத்தில் இருந்தவர் எழுபது வயது தாண்டிய பாய். பரம்பரைத் தொழில். துப்பாக்கியைக் கையில் வாங்கியதும் அவர் துருவைப் பார்க்கவே இல்லை. முன்கட்டையைக் கழற்றி, குழலைத் தனியாக எடுத்து, தலைகீழாகத் திருப்பி ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்தார்.

"பாலிஷ் போட்டா பளபளன்னு ஆகும் சார். ஆனா இதோட பேர் போயிடும்."

குழலின் பின்முனை அடிப்பக்கம் தட்டையாக இருக்கும். துப்பாக்கியை மூடினால் அந்தப் பகுதி உள்ளே போய்விடும். எந்தத் துணியும் எமரிப் பேப்பரும் அங்கே போனதில்லை. மேலே எல்லாம் தேய்ந்து மழுங்கியிருக்க, அங்கே மட்டும் நேற்று அடித்தது போல் முத்திரைகள் இருந்தன.

கிரீடத்தின் கீழே குறுக்காக வைத்த இரண்டு செங்கோல்கள். இப்படி இரண்டு முத்திரைகள்; ஒன்றில் செங்கோல்களின் இடுக்கில் பி.பி.சி. என்ற எழுத்துகள், இன்னொன்றில் வி. இவை பர்மிங்ஹாம் சோதனைச் சாலையின் முத்திரைகள். 1813இல் இங்கிலாந்து நாடாளுமன்றச் சட்டத்தின் மூலம் தொடங்கிய அந்தச் சாலையில், வழக்கத்தை விட அதிக மருந்து போட்டுச் சுட்டுப் பார்த்து, தாங்கிய குழலுக்குத்தான் முத்திரை அடிப்பார்கள். செங்கோல் முத்திரை 1904 வரை. அதற்குப் பிறகு வடிவம் மாறிவிட்டது. பக்கத்தில் ஒரு வைரக் கட்டம், உள்ளே 12, சி. இது 1887 விதிகளோடு வந்தது. இடது குழலில் மட்டும் 'சோக்' என்ற சொல், அதாவது வாய்ப்பக்கம் சற்றே குறுகியது. அதுவும் 1887க்குப் பின். ஆக, இந்தக் குழல்கள் 1887க்கும் 1904க்கும் நடுவில் சோதனையானவை. பதினேழு ஆண்டு இடைவெளிக்குள் ஒரு தேதி, பத்து நிமிடத்தில், வெறும் கண்ணாடி வில்லையால் கிடைத்தது.

குழலின் உலோகத்தில் துருவுக்கு அடியில் அலை அலையாக ஒரு கோலம் தெரிந்தது. வீட்டில் இதை வெள்ளிக் கம்பி வைத்துச் செய்தது என்பார்கள். மாமா இன்னும் ஒரு படி மேலே போய், நம்ம நாட்டு உருக்குதான், வெள்ளைக்காரன் இங்கிருந்து கொண்டுபோய்ச் செய்தது என்றார். சிரியாவின் டமாஸ்கஸ் நகரத்தின் பெயரால் டமாஸ்கஸ் குழல் என்று அழைப்பதால் வரும் குழப்பம் இது. தென்னிந்திய உருக்கு, மூசையில் உருக்கி எடுக்கும் எஃகு. அதன் கோலம் உலோகத்துக்குள்ளேயே பிறப்பது. இந்தக் குழல்களோ இரும்புப் பட்டையும் எஃகுப் பட்டையும் மாற்றி மாற்றி அடுக்கி, முறுக்கி, ஒரு கம்பியைச் சுற்றி ரிப்பன் போல் வளைத்து, சூட்டோடு சூடாக அடித்து ஒட்டியவை. நெசவு மாதிரி. வெள்ளியும் இல்லை, சிரியாவும் இல்லை.

ஓர் துரை

இரண்டு குழல்களுக்கு நடுவே மேலே ஓடும் பட்டையில் எழுத்து இருந்த சுவடு தெரிந்தது. தலைமுறைகளாகத் தேய்த்ததில் பாதிக்கு மேல் போய்விட்டது. பாய் அதில் கை வைக்கவே விடவில்லை. மேஜை விளக்கைப் பட்டையின் மட்டத்துக்குத் தாழ்த்தி, வெளிச்சம் படுத்தபடி வரும்படி வைத்து, நான் போனில் பல கோணத்தில் படம் எடுத்தேன். நேர் வெளிச்சத்தில் மூன்று எழுத்து மட்டுமே தெரியும்: ஓ, ஆர், ஆர். சாய்ந்த வெளிச்சத்தில் முன்னும் பின்னும் மீதி எழுந்து வந்தது. பி. ஓர் அண்டு சன்ஸ், மெட்ராஸ்.

சென்னைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பீட்டர் ஓர் என்ற கடிகாரக்காரர் தொடங்கிய கடை, மவுண்ட் ரோட்டில் மணிக்கூண்டோடு நிற்கும் கட்டிடம். கடிகாரம், நகை, வெள்ளிச் சாமானோடு அந்தக் காலத்தில் துப்பாக்கியும் விற்றார்கள். பர்மிங்ஹாம் பட்டறைகளில் செய்த துப்பாக்கியில் விற்கும் கடையின் பெயரைப் பொறித்து அனுப்புவது அன்றைய வழக்கம். பட்டையில் இருப்பது பெரும்பாலும் கடைப்பெயர். செய்தவர் பெயர் அல்ல, சொந்தக்காரர் பெயரும் அல்ல. சுற்றியிருந்த எழுத்துகள் தேய்ந்துபோக, நடுவில் மிஞ்சிய மூன்றெழுத்துக்கு ஒரு தலைமுறை தொப்பி போட்டு, சுரங்கத்தில் வேலை கொடுத்து, துரையாக்கிவிட்டது.

அம்மாவிடம் படத்தைக் காட்டினேன். கண்ணாடியை ஏற்றிக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். "அப்போ பெயர்ச்சொல்தான், நான் சொன்னது சரி" என்றார். இலக்கணம் தப்பித்த சந்தோஷத்தில் துரை போனது அவருக்குப் பெரிதாகத் தெரியவில்லை. மாமாவுக்குத்தான் வருத்தம்.

துரையே இல்லை என்று இதனால் ஆகிவிடாது. மெட்ராஸ் கடையில் வாங்கிய யாரோ ஒரு சுரங்க அதிகாரி கொடுத்துவிட்டும் போயிருக்கலாம். தாள் பேசுவது 1936இலிருந்துதான். ரசீதுக் கட்டின் அடியில், அன்றைய பெங்களூர் சிவில் அண்டு மிலிட்டரி ஸ்டேஷனில் கொள்ளுத்தாத்தா பெயருக்குக் கொடுத்த லைசென்ஸ் தாள், நான்காக மடித்து, மடிப்பில் கிழிந்து, இருந்தது.

எண் பிசகு

அந்தத் தாள்தான் பெரிய சிக்கலைக் காட்டியது. 1936 தாளில் துப்பாக்கி எண் 7361. தாத்தாவிடமிருந்து அப்பாவுக்கு 1974இல் மாறிய லைசென்ஸில் 7861. அன்றிலிருந்து ஒவ்வொரு புதுப்பித்தலிலும், 1978 முதல் ஒவ்வொரு தேர்தலுக்கும் ஒப்படைத்த ரசீதிலும், கடைசியில் கம்ப்யூட்டர் பதிவிலும் 7861தான். விசைக்குக் கீழே உள்ள வளையத்தின் வால்பட்டையில் பொறித்த எண்ணைப் பார்த்தால் காரணம் புரியும். இடைவிடாமல் துடைத்ததில் 3 மெலிந்து, அதன் திறந்த பக்கத்தில் ஒரு துருப்புள்ளி உட்கார்ந்து, யார் பார்த்தாலும் 8 என்றுதான் படிப்பார்கள். பாய் சிரித்தார். "786ல ஆரம்பிக்குது, ரொம்ப நல்ல நம்பர். ஆனா இந்தத் துப்பாக்கியோடது இல்லை."

சிரிக்கும் விஷயம் இல்லை. வாரிசு விண்ணப்பத்தில் 7861 என்று எழுதினால் அது தப்பான விவரம். 7361 என்று எழுதினால், லைசென்ஸில் உள்ள துப்பாக்கி எங்கே, இது எங்கிருந்து வந்தது என்ற கேள்வி வரும். கேட்பவர் மேல் குற்றம் சொல்ல முடியாது. துப்பாக்கியை மாற்றி வைப்பவர்கள் இருக்கத்தான் செய்கிறார்கள்.

விடை மறுபடியும் யார் கையும் படாத இடத்தில் இருந்தது. கைவேலைத் துப்பாக்கியில் ஒரு துப்பாக்கியின் பாகம் இன்னொன்றோடு கலந்துவிடக் கூடாது என்று பல பாகங்களில் ஒரே எண்ணை அடிப்பார்கள். குழலின் அடிக்கொக்கியிலும், முன்கட்டைக்கு உள்ளே இருக்கும் இரும்பிலும் 7361 தெளிவாக இருந்தது. மூன்று இடத்தையும் ஸ்கேல் வைத்துப் படம் எடுத்து, 1936 தாளின் நகலோடு சேர்த்து, எண் எழுதியதில் பிசகு என்ற விளக்கக் கடிதத்தோடு விண்ணப்பத்தைக் கொடுத்தோம். பெங்களூர் நகருக்குள் லைசென்ஸ் கொடுக்கும் அதிகாரம் போலீஸ் கமிஷனருக்கு. மருத்துவச் சான்று, பயிற்சிச் சான்று, அம்மாவின் ஆட்சேபனை இல்லாக் கடிதம் எல்லாம் வழக்கம் போல. 2024 பிப்ரவரியில் போலீஸ் ஆர்மரர், அதாவது ஆயுதங்களைப் பரிசோதிப்பவர், டீலரிடம் வந்து துப்பாக்கியைக் கழற்றிப் பார்த்து, மூன்று இடத்து எண்ணையும் குறித்து அறிக்கை கொடுத்தார்.

அந்தக் கருநீலக் குளியலுக்கு முதலிலேயே ஒத்துக்கொண்டிருந்தால், அதற்கு முன் தேய்க்கும் தேய்ப்பில் வால்பட்டை எண் முழுதாகப் போயிருக்கும். எண்ணை அழித்துவிட்டு வந்து எண் தவறு என்று சொல்பவரை யார் நம்புவார்கள்?

செய்தவை, செய்யாமல் விட்டவை

மகளிடம் எழுத்தில் சம்மதம் வாங்கி, டீலரின் இடத்திலேயே 2023 நவம்பரில் வேலை தொடங்கியது. நான் அளவு எடுக்கவும் குறிப்பு எழுதவும் மட்டும் போனேன்.

பாய் முதலில் செய்தது ஒரு பரீட்சை. குழலை மட்டும் கொக்கியில் ஒரு விரலால் தொங்கவிட்டு, இன்னொரு கையின் முட்டியால் தட்டினார். சந்தையில் பானையைச் சுண்டிப் பார்ப்பது போல. கோயில் மணி மாதிரி நீளமாக ஒலித்து, கடைசியில் ஒரு கரகரப்போடு முடிந்தது. "வாய்ப்பக்கம் பத்து விட்டிருக்கு" என்றார். குழலையும் நடுப்பட்டையையும் ஒட்டியிருப்பது ஈயப் பற்று. வாயிலிருந்து இரண்டு அங்குலம் தூரத்துக்கு அது விலகியிருந்தது. காரக் கரைசலைக் கொதிக்க வைத்து முக்கும் கருநீல முறை இந்தப் பற்றைத்தான் அரிக்கும். முழுப் பட்டையும் கையோடு வந்துவிடும். மாமா அதைக் கேட்டபிறகு கருநீலம் பற்றிப் பேசவில்லை.

இந்த இரண்டு அங்குலத்தில் எங்களுக்குள் அபிப்பிராய பேதம். எதையும் தொடாமல் விடுவது என் கட்சி. விலகிய இடத்தில் ஈரம் புகுந்தால் உள்ளே துருப்பிடிப்பது வெளியே தெரியாது, அதை மட்டும் மூடியே ஆக வேண்டும் என்பது பாயின் கட்சி. அவர் சொன்னதுதான் சரி. சிறு சூட்டில் அந்த இடத்தில் மட்டும் பற்று வைத்தார்.

துருவுக்கு எமரி கிடையாது. மெல்லிய எண்ணெயில் நாள்கணக்கில் ஊறவிட்டு, பித்தளைத் தகட்டின் ஓரத்தால் சுரண்டி, கடைசியில் மிக மென்மையான எஃகுப் பஞ்சால் துடைத்தார். மேல்துரு போய், பழுப்பு நிறமும் அதன் அடியில் கோலமும் நின்றன. பொட்டு வைத்த இரண்டு குழிகளை அப்படியே விட்டோம். அவற்றை நிரவ வேண்டுமானால் சுற்றியுள்ள உலோகத்தையும் அந்த ஆழத்துக்குக் குறைக்க வேண்டும். ஏற்கெனவே மெலிந்த குழல்.

பூட்டுகளைத் திறந்தபோது உள்ளே வெல்லப்பாகு காய்ந்தது போல ஒரு பிசின். அரை நூற்றாண்டுத் தேங்காயெண்ணெய். கழுவி எடுத்ததும் இரண்டு ஸ்பிரிங்கும் முழுசாக இருந்தன. இடது ஊசி விஷயம் அப்போதுதான் தெரிந்தது. பாய் எதுவும் கேட்கவில்லை, நானாகத்தான் ஒப்புக்கொண்டேன். சிதைந்த ஊசியைக் கழற்றி ஒரு சின்ன டப்பாவில் போட்டுக் கூடவே வைத்திருக்கிறோம். புதிது போடவில்லை.

கட்டையின் தலைப்பகுதி எண்ணெய் குடித்துக் கறுத்திருந்தது. சுண்ணாம்புத்தூள் பத்துப் போட்டுப் பலமுறை எண்ணெயை இழுத்தெடுத்து, பிறகு ஆளிவிதை எண்ணெயை உள்ளங்கையால் தேய்த்துத் தேய்த்துக் காயவிட்டார். கழுத்தில் சுற்றிய செப்புக் கம்பியை எடுத்துவிட்டு விரிசலை ஒட்டலாம் என்றபோது மகள் வேண்டாம் என்றார். தாத்தா ஒரு முறை ஏரிக்கரையில் வழுக்கி விழுந்து கட்டை விரிந்ததாகவும், தங்கவயலில் ஒரு தச்சர் அங்கேயே கம்பி சுற்றிக் கொடுத்ததாகவும் அப்பா சொல்லியிருக்கிறார். காட்டு வாத்துக்கும் கௌதாரிக்கும் போன காலம். 1972 வனவிலங்குச் சட்டத்துக்கு முந்தைய கதை. கம்பி இருக்கிறது.

சுட வேண்டாம் என்ற முடிவு

ஒரு தடவையாவது வெடித்துப் பார்க்கலாமே என்று மாமா கேட்டுக்கொண்டே இருந்தார். இதற்குப் பதில் சொன்னது குழலின் உள்விட்டத்தை அளக்கும் போர் கேஜ். வைரக் கட்டத்து 12 அறையின் அளவு; குழலில் அடித்திருந்த உள்விட்ட முத்திரை 13. அதற்கு 0.710 அங்குலம் அளவு. அந்த வரிசையில் அடுத்த முத்திரை 0.719. பின்முனையிலிருந்து 9 அங்குலத்தில் அளந்தபோது இடது குழல் 0.714, வலது 0.721. அதாவது துரு எடுக்கவென்று யாரோ முன்பே உள்ளே தேய்த்ததில், வலது குழல் அடுத்த அளவையும் தாண்டிவிட்டது. பிரிட்டிஷ் விதிப்படி அந்த முத்திரை இனி செல்லாது. மறு சோதனை இல்லாமல் சுடத் தகாதது.

இது போதாதென்று, முத்திரை எல்லாம் கரிமருந்துக் காலத்தவை. புகையில்லா மருந்துக்கான சோதனை முத்திரை ஒன்றும் இல்லை. அறையின் நீளம் 65 மில்லிமீட்டர் தோட்டாவுக்கானது. டிரங்குப் பெட்டியில் இருந்த ஏழில் ஐந்து 70 மில்லிமீட்டர். ஆபத்து என்னவென்றால், 70 தோட்டாவும் இதில் சுலபமாகப் போகும். தோட்டாவின் வாய் மடிந்திருப்பதால் சுடுவதற்கு முன் அதன் நீளம் குறைவு. சுட்டதும் மடிப்பு விரிய இடமில்லாமல் குழலுக்குள் நெரிந்து அழுத்தம் எகிறும். உள்ளே போகிறது, மூடுகிறது, ஆகவே பொருந்துகிறது என்று நினைத்துவிடுவோம். அப்பா கடைசியாக எப்போது சுட்டார் என்று யாருக்கும் நினைவில்லை. நல்லவேளை என்றுதான் தோன்றியது.

விளைவு

2024 மார்ச்சில் மக்களவைத் தேர்தல் அறிவிப்பு வந்து கோப்பு நின்றது. ஜூனுக்குப் பிறகு மறுபடி நகர்ந்து, செப்டம்பரில் மகளின் பெயரில் லைசென்ஸ் வந்தது. எண் 7361. பரணில் கண்டெடுத்த நாளிலிருந்து சுமார் பதினெட்டு மாதம். பராமரிப்புக்கும் காவலுக்கும் சேர்த்து டீலருக்கு 27,000 ரூபாய் ஆனது. தோட்டாக்களைத் திரும்பக் கேட்கவில்லை. துப்பாக்கி இப்போது மகளின் வீட்டில், குழல் தனியாகக் கட்டை தனியாகப் பிரித்து, சுவரோடு போல்ட் போட்ட இரும்பு பீரோவில் இருக்கிறது.

மறுபடி இப்படி வந்தால்

நான் மாற்றிச் செய்யக்கூடியவை சில உண்டு. விசையைத் தொட மாட்டேன். அப்பா இருந்தபோதே, 70 வயதில், வாரிசுக்கு மாற்றக் கேட்டிருக்கலாம். 2016 ஆயுத விதிகளில் அதற்கு இடம் இருக்கிறது. அப்போது துப்பாக்கி சட்டத்துக்கு வெளியே ஒரு நாளும் இருந்திருக்காது, எண் பிசகையும் அவரே விளக்கியிருப்பார். வேட்டியைப் பிரிக்கும் முன்பே படம் எடுத்திருப்பேன். அதில் ஒட்டியிருந்த துரு எந்தப் பக்கம் எவ்வளவு என்பதெல்லாம் இப்போது ஊகம்தான். பட்டை எழுத்தை இன்னும் நல்ல கேமராவில் எடுத்திருக்கலாம். 'மெட்ராஸ்' என்ற சொல்லுக்குப் பின் ஏதோ ஒன்று இருக்கிறது, என் படத்தில் அது பிடிபடவில்லை.

2024 அக்டோபரில் ஆயுத பூஜைக்குக் கூப்பிட்டிருந்தார்கள். அம்மா சந்தனக் கிண்ணத்தோடு பீரோ முன்னால் நின்று என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். பீரோ கதவின் பெயின்ட் மேல், கைப்பிடிக்கு இந்தப் பக்கம் ஒன்று அந்தப் பக்கம் ஒன்று, இரண்டு பொட்டு வைத்தார்.